ஆந்தைப் பெட்டியும் மூன்றாவது கட்டமும்

டேய் மச்சான்,

அறிவிப்பு! லயத்து வீட்டு மக்களுக்கும், காலைப் பெரட்டுக்குக் கூடும் களத்தில் படுத்திருக்கும் நாய்களுக்கும், மேலுலகில் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும் உனக்கும் இதனால் தெரிவிப்பது என்னவென்றால்: திங்கட்கிழமை காலை எட்டரை மணி முதல், கீழே கையெழுத்திட்டுள்ள எனக்கு நம் எஸ்டேட் ஆபீசில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்று வழங்கப்பட்டுள்ளது. சக்கரம் மொத்தம் ஐந்து. நாற்காலி உயரும், தாழும், சுழலும். பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்.

பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சறசறவென்று சத்தம் போடுகிறது. "பிரிச்சித் தொலைடா, காது வலிக்குது" என்கிறார் பக்கத்து மேசைக் கிராணி ஐயா. எனக்குத்தான் மனம் வரவில்லை. அந்தப் புது வாசத்தில் நீ இருக்கிறாய். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று, அது வந்த அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்து, "மோந்து பாருடா, உத்தியோக வாசம்" என்றாய். நானும் தலையை விட்டேன். தும்மல்தான் வந்தது.

ஏணியில் ஏறி முன்னுக்கு வந்தவர்கள் என்று பேச்சுக்குச் சொல்வார்கள். நிஜமாகவே பன்னிரண்டு படி ஏணியில் ஏறி முன்னுக்கு வந்தவன் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் நான் ஒருவன்தான். பக்கத்து டவுன் லுக்குட்டில் மோட்டார் பட்டறைக்காரர் கேட்டார், "ஒனக்கு எப்பிடிடா ஆபீஸ் வேல குடுத்தாங்க?" என்று. "தெறமண்ணே. துணிச்சல். ஆந்தைக்கே அஞ்சாத நெஞ்சு லா" என்றேன். அவர் நம்பிவிட்டார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்தே காட்டிக் கொடுத்திருப்பாய்.

அதனால் உனக்கு மட்டும் ஒழுங்காக எழுதுகிறேன்.

ஐந்தாம் படிவச் சோதனையோடு பள்ளிக்கூடம் முடிந்ததும் நம் செட்டில் பாதிப் பேர் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள். மீதிப் பேர் எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டப் போனார்கள். உனக்கு இரண்டும் இல்லை. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. லயத்து மேட்டில் ஏறினாலே உன் உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலமாகிவிடும். தொழிற்சாலை டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு ஃபாரத்தைத் திருப்பிக் கொடுத்தார். உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கிடைக்காவிட்டால், உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கி வளைந்த முதுகோடு உன் அம்மா கடைசிவரை உன்னையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அதை நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்த நோட்டீசை நீ நான்கு தடவை படித்தாய். நான் எண்ணினேன்.

பதிவேடு எழுதும் கிராணி வேண்டும், ஒரே ஒரு ஆள். மலாயும் ஆங்கிலமும் எழுதத் தெரிய வேண்டும். தட்டச்சு தெரிய வேண்டும். கம்ப்யூட்டரை அவர்களே கற்றுத் தருவார்கள்.

"கடைசி வரியப் பாத்தியா?" என்றாய். "பதிவப் பாத்து வெளக்கம் சொல்லத் தெரியணுமாம்."

"எண்ணத் தெரிஞ்சா பத்தாதா?"

"எண்ண ஒனக்கே தெரியுமேடா. எண்ணுனது என்னா சொல்லுதுன்னு தெரியணும்."

அன்றே சண்டை போட்டிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மேனேஜர் உடனே வேலையைக் கொடுத்துவிடவில்லை. நான்கு மாதம் ஒரு பரீட்சை வைத்தார். செம்பனைப் பழத்தை எலி தின்கிறது. எலியை ஆந்தை தின்னும். அதனால் தோட்டத்தில் கம்பம் நட்டு முப்பத்திரண்டு மரப்பெட்டி வைத்திருந்தார்கள், ஆந்தை குடியேறட்டும் என்று. மாதம் ஒரு முறை ஏறிப் பார்த்து, எந்தப் பெட்டியில் ஆந்தை இருக்கிறது, எது காலி என்று எழுத வேண்டும். எலி கடித்த குலைகளையும் எண்ண வேண்டும். நான்காம் மாத முடிவில் அட்டவணையோடு போய் விளக்கம் சொல்ல வேண்டும். சொல்வது சரியாக இருந்தால் வேலை.

குலைகளைச் சாலையோரத்தில் அடுக்கியிருப்பார்கள், நீயே உட்கார்ந்து எண்ணிவிடுவாய். ஏணிதான் உன்னால் ஆகாது. "நான் இருக்கேன் லா" என்று மார்தட்டினேன். ஏறுவது நான், எழுதுவது நீ.

என்னை விட்டால் ஆள் ஏது? நம் லயத்தில் எல்லோருக்கும் ஆந்தை என்றால் நடுக்கம். அலறினால் சாவு என்பார்கள். மலாயிலும் அதற்குப் பேய்ப் பறவை என்றுதான் பேர். நான் ஒருவன்தான் அதை வைத்து விளையாடியவன். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது மரத்துக்குப் பின்னால் நின்று கிறீச்சென்று ஆந்தைபோல அலறி, மேற்பார்வை மண்டோர் கையிலிருந்த விளக்கைக் கீழே போட வைத்த மகாவீரன் அல்லவா?

முதல் பெட்டியின் கதவைத் திறந்தேன். வெள்ளை முகம். கொதிக்கிற கேத்தல்போல என் மூக்குக்கு நேராகச் சீறியது. எப்படி இறங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. "என்னாடா?" என்று கீழேயிருந்து நீ கேட்டாய். என் வாயில் வந்த ஒரே சொல், "காலி!"

நீ எழுதிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு எட்டாவது படிக்கு மேல் நான் போனதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கம்பத்தைத் தட்டுவேன். "காலி!" எல்லாமே காலி என்றால் சந்தேகம் வருமே என்று நடுநடுவே இரண்டு மூன்று பெட்டியில் முட்டை இருப்பதாகச் சொன்னேன். ஆந்தைக்குப் பதிலாக நானே முட்டையிட்டேன் என்று வைத்துக்கொள்.

நீ கீழே சும்மா இருக்கவில்லை. பெட்டிக்கு அடியில் கட்டைவிரல் பருமனில் கறுப்பு உருண்டைகள் கிடக்கும். அவை என்னவென்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நோட்டின் ஓரத்தில் பென்சிலால் அவற்றையும் எண்ணி எழுதினாய். "இது எதுக்குடா வெட்டி வேல?" என்றேன். "கையிக்கு எட்டுறத எண்றேன். ஒக்காந்திருக்கவன் கண்ணு சும்மா இருக்குமா?" என்றாய்.

நான்காம் மாதம், கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சனிக்கிழமை. கட்டம் போட்ட தாள் வாங்க லுக்குட்டுக்கு என் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வந்தாய். ரொட்டிக் கடையில் மேசைமேல் அட்டவணையை விரித்தாய்.

"மச்சான், ஒரு சந்தேகம்."

"கேளு. ஏறுறவன் நான்தானே?"

"ஏழாம் பெட்டியில மூணு மாசமா ரெண்டு முட்ட. இன்னும் பொரிக்கல."

"சோம்பேறி ஆந்தை லா."

"சரி. எலி கடிச்ச குலை மாசா மாசம் கொறையுது. பெட்டியும் காலி, எலியும் காலி. அப்ப எலியத் தின்னது யாரு? நீயா?"

சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு உருண்டையை எடுத்து மேசையில் வைத்து, கரண்டியால் உடைத்தாய். உள்ளே மயிர். நடுவில் ஒரு குட்டித் தாடை எலும்பு, பல்லோடு. எலி! ஆந்தை முழுங்கிவிட்டுச் செரிக்காததைத் துப்பியிருக்கிறது.

கடைக்காரர் ஓடிவந்தார். "டேய்! மேசையில என்னாடா பீய வச்சிருக்கீங்க?"

"பீ இல்லண்ணே," என்றாய், என்னைப் பார்த்துக்கொண்டே. "சாட்சி."

பேச்சில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. அன்று ரொட்டியைத்தான் பிய்த்துக்கொண்டிருந்தேன். "மொதப் பெட்டியில அது சீறுச்சுடா" என்றேன் கடைசியில். நீ சிரித்தாய். மேசையில் தலையை வைத்து, உதடு நீலமாகிற வரைக்கும் சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றது. திங்கட்கிழமை இருவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"அப்படியே குடுத்துரு" என்றேன். "யாரு ஏறிப் பாக்கப் போறா?"

"பெட்டி தண்டம்னு மேனேஜர் எல்லாத்தையும் கழட்டிருவாரு. மறுபடி எலி வரும்."

"அதுக்குள்ள ஒனக்கு வேல கெடைச்சிரும்ல?"

உனக்கு ஆசை இருந்தது, மச்சான். அந்தத் தாளை நீ மடித்தாய், விரித்தாய், மறுபடி மடித்தாய். கடைசியில் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "போலாம்" என்று மட்டும் சொன்னாய்.

திங்கட்கிழமை மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்றோம். என் பெயரைச் சொல்லப் போகிறாய் என்று காத்திருந்தேன். நீ மலாயில் மெதுவாகச் சொன்னாய். பெட்டிக் கணக்கு தப்பு, எலிக் கணக்கோடு ஒத்துவரவில்லை, இன்னும் ஒரு வாரம் வேண்டும். யார் தப்பு என்று அவர் கேட்டார். "என் தப்பு. காதால கேட்டத, கண்ணால பாத்த மாதிரி எழுதிட்டேன்" என்றாய். ஒரே ஒரு வாரம் என்று அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் கிராணி ஐயா தலையில் அடித்துக்கொண்டார். "வேல கேட்டு வந்தவன் தப்பு பண்ணேன்னு சொல்லுவானா? போச்சு, எல்லாம் போச்சு!"

மறுநாள் முதல் பெட்டிக்குக் கீழே வந்ததும், நீயே ஏணியில் காலை வைத்தாய். மூன்றாவது படியில் உன் மூச்சு எனக்குக் கேட்டது. சட்டையைப் பிடித்து இறக்கினேன். "எறங்குடா, ஒங்கம்மா என்னக் கொன்னுரும்" என்று திட்டிவிட்டு ஏறினேன். எட்டாவது படி. ஒன்பது. பத்து. கதவைத் திறந்தேன், கண்ணையும் திறந்தேன். நான்கு குஞ்சு. அத்தனையும் சேர்ந்து சீறின. "இருக்குடா! நாலு இருக்கு!" என்று நான் கத்தியது அந்த மேடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்த வாரம் இருபத்தொன்பது பெட்டி பார்த்தோம். மூன்றில் மட்டும் வாசலை அடைத்துக் குளவி கூடு கட்டியிருந்தது, கிட்டவே போக முடியவில்லை. பழக்க தோஷம், "காலின்னு போட்டுக்கோ" என்றேன்.

நீ பென்சிலைக் கீழே வைத்தாய். "இல்லைங்கிறது வேற, பாக்கலைங்கிறது வேற" என்றாய். ரூலரை எடுத்து, 'இருக்கு', 'காலி' என்ற இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்து, மேலே 'பார்க்கவில்லை' என்று எழுதினாய். அதற்கும் பக்கத்தில் சின்னதாக, 'காரணம்'.

மேனேஜர் உன் விளக்கத்தை எல்லாம் கேட்டார். ஆந்தை இருக்கிற இடத்தில் எலிக்கடி குறைகிறது என்று நீ காட்டியபோது தலையாட்டினார். ஆனால் அவர் விரல் போய் நின்றது மூன்றாவது கட்டத்தில்தான். "இதை யார் போடச் சொன்னது?" என்றார். "யாரும் சொல்லல" என்றாய். அடுத்த திங்கட்கிழமை நீ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாய். அன்று மத்தியானம் உன் அம்மா உதிரிச் சாக்கை இறக்கி வைத்துவிட்டு, ஆபீஸ் சன்னலுக்கு வெளியே நின்று உன்னைப் பார்த்தது உனக்குத் தெரியாது. நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

ஐந்து மாதம். அதற்குள் குலைக் கணக்கு, மழைக் கணக்கு, உரக் கணக்கு எல்லாம் உன் மேசைக்கு வந்தன. இரண்டு வருஷம் போனால் சிரம்பான் தலைமை ஆபீஸ், அங்கே எல்லா எஸ்டேட் பதிவும் வரும் என்று ஆசைகாட்டினாய். "எண்றவன் ஏணியில, எழுதுறவன் மரத்தடியில, கூட்டுறவன் ஆபீஸ்ல. கேள்வி கேக்குறவன் எங்க வேணும்னாலும் இருக்கலாம்" என்பாய். ஆப்பரேஷனுக்குத் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை வரை வேலை செய்துவிட்டுப் போனாய். திரும்பி வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

நீ இல்லாத வாரங்களுக்கு யாரை உட்கார வைக்கலாம் என்று மேனேஜர் கேட்டாராம். நீ ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாய். அதை வைத்துத்தான் இத்தனை நாள் என்னைத் தற்காலிகமாக உட்கார வைத்து, இந்தத் திங்கட்கிழமை நிரந்தரமாக்கினார்கள்; கிராணி ஐயா சீட்டைப் போன வாரம்தான் எடுத்துக் காட்டினார். என் பெயர். அதற்குக் கீழே, "பொய் சொல்லுவான். பிடிபட்டால் மறைக்க மாட்டான். திரும்ப ஏறுவான்." பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்றிதழ்கூட இவ்வளவு நன்றாக இல்லை, மச்சான். உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன். வழக்கம்போல வழியில் விளையாடிவிட்டேன். நன்றிடா. காட்டிக் கொடுக்காததற்கு. அதைவிட, தப்பென்று தெரிந்த தாளை நீட்டாததற்கு. அதை நீட்டியிருந்தால் நான் இன்னும் எட்டாவது படியில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருப்பேன்.

இப்போது ஏறுவதும் நான்தான், எழுதுவதும் நான்தான். மூன்று கட்டம்தான், மாற்றவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். பட்டறைக்காரரிடம் சொல்லிவிடாதே, அவர் கனவில் போய்க்கூட. போன மாதம் இருபத்தெட்டாம் பெட்டி. பத்தாவது படியில் நிமிர்ந்தால், அது வாசலிலேயே உட்கார்ந்து என்னை நேராகப் பார்க்கிறது. நான் இறங்கிவிட்டேன். ஆபீசுக்கு வந்து 'பார்க்கவில்லை'யில் குறி போட்டேன். காரணத்தில் 'குளவி' என்று எழுதினேன். அங்கே குளவி எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை அடித்து, 'எண்ணுபவருக்குப் பயம்' என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கிராணி ஐயாதான் ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி இரண்டு தடவை படித்தார்.

இப்படிக்கு,
உன் ஏணி