கடைவாய்ப் பல்லும் இரண்டு முத்திரைகளும்

மருதவெளி நாட்டை ஆளும் நன்னாகன், கற்குன்ற நாட்டின் காவலரும் மலைக்கணவாய்கள் அனைத்துக்கும் உரியவருமான மன்னர் மல்லேறனார் திருமுன் விடுக்கும் ஓலை.

தங்கள் சுனைகள் வற்றாதிருக்கட்டும். தங்கள் குதிரைகளின் குளம்புகள் வழுக்குப் பாறையிலும் தடுமாறாதிருக்கட்டும். தங்கள் பற்கள் அனைத்தும் நோயின்றி நிலைத்திருக்கட்டும். கடைசி வாழ்த்தை வழக்கத்துக்கு மாறாக ஏன் சேர்த்தோம் என்பது ஓலையைப் படித்து முடிக்கும்போது விளங்கும்.

தங்கள் தூதர் பூதனார் நலமாக வந்து சேர்ந்தார். நலமாக என்று எழுதுவது மரியாதைக்காக; உண்மையில் அவருடைய இடக் கன்னம் மாங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் அவையில் நின்று தங்கள் ஓலையை வாசிக்கத் தொடங்கினார். போர் நின்ற நாளில் பிணையாக நம்மிடம் விட்ட தங்கள் இளைய மகன் எயினனை, வரும் அறுவடையோடு பிணைக்காலம் முடிந்ததும் தாமதமின்றித் திருப்பி அனுப்பக் கேட்டிருந்தீர்கள். தளபதிப் பதவி காத்திருக்க, பல் வைத்தியத்தையே தொழிலாகக் கொள்ளப்போவதாக அவன் எழுதியது பெரும் அவமானம் என்றும், வாள் பிடிக்கப் பிறந்த கை ஊரார் எச்சிலில் நனைவதா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த இடத்தில் பூதனார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தன்னைத் திட்டும் ஓலையை எயினன் அவர் கையிலிருந்து மெல்ல வாங்கி ஓரமாக வைத்தான். அவரைச் சாளரத்தின் வெளிச்சத்தில் அமர்த்தி, வாயைத் திறக்கச் சொல்லி, சொத்தைப் பல்லை வேரோடு எடுத்தான். உப்பு நீரில் வாய் கொப்பளித்தபின் பூதனார் எழுந்து, மீதமிருந்த வசவையும் ஒரு சொல் பிசகாமல் வாசித்தார். எயினன் தலை குனிந்து கேட்டுக்கொண்டான்.

இந்த ஆசையை அவனுக்கு ஊட்டியது யார் என்று வினவியிருந்தீர்கள். தாங்களும் நாமும்தான். பிணையாக இருப்பவன் ஒரு சாணுக்கு மேற்பட்ட இரும்பைத் தொடலாகாது என்று உடன்படிக்கையில் எழுதி இருவரும் முத்திரை வைத்தோம். வாளும் வேலும் விலக்கானதால் பயிற்சிக்களத்தின் கதவு அவனுக்கு அடைபட்டது. சாணுக்குக் குறைந்த இரும்பை வைத்துக்கொண்டு வேலை நடக்கும் இடங்கள் நமது அரண்மனையில் இரண்டுதான். முடி திருத்தும் கூடத்தில் ஒரே ஒரு நாள் இருந்தான். நமது முதலமைச்சரின் பாதி மீசை அதற்குச் சாட்சி. பிறகு வைத்தியசாலைக்குள் நுழைந்தவன் பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தான். இன்றுவரை கீழே வைக்கவில்லை. படைவீரர்கள் அவனை ‘எச்சில் இளவரசே’ என்று அழைத்தார்கள். பல்வலி வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தப் பட்டத்தைக் கைவிட்டார்கள்.

இப்போது நமது முறை. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல் சீழ் வைத்திருக்கிறது. கஞ்சியன்றி வேறெதுவும் இறங்குவதில்லை. காலம் தாழ்த்தினால் வீக்கம் தொண்டைக்கு இறங்கும் என்கிறார் வைத்தியத் தலைவி பெருங்கண்ணியார். ஆனால் அரசனின் ரத்தத்தைச் சிந்தும் குடிமகனின் கை துண்டிக்கப்படும் என்பது நமது பாட்டனார் இட்ட சட்டம். பல் வலி தொடங்கிய அன்றே அதை நீக்கினோம். சட்டம் நீங்கியது, நடுக்கம் நீங்கவில்லை. துணிந்து வந்த ஒரு வைத்தியரின் குறடு நமது முன்பற்களில் தாளம் போட்டது. அவருக்குப் பரிசளித்து அனுப்பிவைத்தோம்.

நடுங்காத கை எயினனுடையது. அதற்கும் அமைச்சர்கள் குறுக்கே நின்றார்கள். பிணையின் கையால் அரச ரத்தம் சிந்தினால் போர் மீண்டும் தொடங்கியதாகக் கொள்ளப்படும் என்பதும் உடன்படிக்கையில் இருக்கிறதாம். ஒரு பல்லுக்காக இரு நாட்டுப் படைகளும் ஆற்றங்கரையில் நிற்க வேண்டுமா என்று முதலமைச்சர் மிகுந்த கவலையோடு கேட்டார். அந்த விதியைத் தளர்த்த இரு மன்னர்களின் முத்திரையும் தேவை.

தங்கள் மறுப்பைப் பொருட்படுத்தாமல் இங்கேயே தங்கிவிடும்படி எயினனிடம் சொல்லிப் பார்த்தோம். அவன் சொன்ன மறுமொழியை அப்படியே எழுதுகிறோம்: “இதை ஒளிந்து செய்யும் தொழிலாக வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, அரசே. தந்தை சரி என்றால் செய்கிறேன். இல்லை என்றால் குறட்டைக் கொடுத்துவிட்டுக் குதிரை ஏறுகிறேன்.” இதைச் சொன்னபோதுதான் அவன் கை நடுங்கக் கண்டோம்.

ஆகவே இதனுடன் இரண்டு ஓலை நறுக்குகளை இணைத்துள்ளோம். முதலாவது, நமது பல்லை எடுக்கையில் சிந்தும் ரத்தம் போராகாது என்பது. இரண்டாவது, எயினன் கல்வி முடியும்வரை இங்கே தங்கி, பின்னர் கற்குன்றம் திரும்பி, தங்கள் குடிகளிடையே பல் வைத்தியனாகவே வாழத் தாங்கள் இசைகிறீர்கள் என்பது. இரண்டிலும் நமது முத்திரையை முன்பே வைத்துவிட்டோம்.

இரண்டுக்கும் தங்கள் மனம் இசையாமல் ஒன்றுக்கு மட்டுமே இசையுமானால், இரண்டாவதில் முத்திரை வையுங்கள். இங்குள்ள வைத்தியர் ஒருவரின் நடுங்கும் கையும் எப்படியாவது நமது பல்லை எடுத்துவிடும். அந்த வலி ஒரு நாளோடு போகும்.

வழியிலுள்ள காவற்சாவடிகள் அனைத்துக்கும் நமது கட்டளை: இவ்வோலை போகும்போதும் மறுமொழி வரும்போதும் எவரும் தடுக்கலாகாது, களைத்த குதிரைக்கு மாற்றுக் குதிரை தர வேண்டும்.

தங்களுக்குக் கட்டளையில்லை, வேண்டுகோள் ஒன்றுண்டு. ஓலை கொண்டுவரும் பூதனாருக்கு முதலில் ஒரு துண்டுக் கரும்பு கொடுங்கள். அவர் கடித்துத் தின்பதைப் பார்த்தபின் முத்திரையைக் கையில் எடுங்கள்.

மருதமர முத்திரையிட்டு, கஞ்சிக் கலயத்தின் அருகிலிருந்து,
நன்னாகன்.