சிவந்த அச்சில் ஒரு குடம் தண்ணீர்

1938 ஜூலை 4, திங்கள். தென்காசி.

விடியலிலிருந்து சாரல். ஐந்தருவியில் தண்ணீர் கூடியிருப்பதாகக் குற்றாலத்துக் குதிரைவண்டிக்காரர் சொன்னார். நான் நிருபராக இருக்கும் பட்டணத்துப் பத்திரிகைக்குத் தந்தி. குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது.

மதியம் செல்லையா ஆசாரி வீட்டு முற்றம். (இனி செ.) மாட்டுவண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை போடுபவர். தூத்துக்குடியில் இரண்டு வருடம் இருந்து காஸ் வெல்டிங் கற்றவர். ஒரு வருடமாகத் தன் வீட்டிலேயே மோட்டார் வண்டி கட்டுகிறார். பார்த்தவை:

எஞ்சின் - மலை எஸ்டேட்டில் கழித்துப்போட்டது.
சட்டம் - லாரிச் சட்டம், அறுத்துக் குட்டையாக்கியது.
முன் அச்சு - அதே லாரி. அகலம் அதிகம். நடுவில் ஒன்பது அங்குலம் வெட்டி எடுத்தாயிற்று. இன்று இரண்டு துண்டுக்கும் ஒட்டு.
காஸ் உண்டாக்கக் கார்பைடு போடும் தகரத் தொட்டி, ரயிலில் வந்த ஆக்ஸிஜன் உருளை, பித்தளை முனை, அரம், இரண்டு சம்மட்டி. கறுப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்று.

கார்பைடுக்கு அழுகின பூண்டு வாடை. கண்ணாடி ஒன்றுதான் என்பதால், தீ எரியும்போது நானும் செ.யின் மனைவி பேச்சியம்மாளும் சுவரைப் பார்த்து நின்றோம். தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி. "இதுக்குப் பொண்டாட்டி எதுக்கு, சொவரே போதும்" என்றாள்.

மூன்று பத்துக்குத் தீ அணைந்தது. செ. முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனார். அச்சு இன்னும் சிவப்பு. பேச்சியம்மாள் திரும்பினாள், குடத்தை எடுத்தாள், சாய்த்தாள். சக்கரப் பட்டை சிவந்திருக்கும்போது, மரம் கரியாமல் பட்டை இறுக, சுற்றிவந்து தண்ணீர் ஊற்றுவது அவள் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அதுதான். ஆவி. அதற்குள்ளிருந்து 'கிண்' என்று மெல்லிய ஒரு சத்தம். அவள் காலிக் குடத்துடன் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

செ. ஒரு கூடைச் சாம்பலோடு வந்தார். "அதுக்குள்ள கறுத்துட்டே?"

"சாரல் அடிக்குதுல்லா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்தது.

சாம்பலைக் கொட்டி மூடினார். சாம்பல் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 6, புதன்.

பல்வலி. கிராம்பு.

செய்தி அனுப்பினேன். 'தென்காசி ஆசாரி வீட்டிலேயே கட்டிய மோட்டார், வருகிற புதனன்று குற்றாலம் வரை ஓடும்.' அந்தத் தேதியைக் குறித்தது நான்தான். செ. "சீசனுக்குள்ள" என்று மட்டும் சொன்னார். நாள் இல்லாத செய்தியைப் பத்திரிகை போடாது.

ஓட்டப்போவது மைதீன். லாரி டிரைவர். இருபது வருடமாக மலைப்பாதை. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று அவனே சொல்கிறான். செ.க்கு ஓட்டத் தெரியாது.

ஜூலை 11, திங்கள்.

குற்றாலத்தில் ஈரத்துணிக் கூட்டம். டீக்கடையில் எஸ்டேட் மெக்கானிக் ஒருவர், செங்கோட்டைப் பக்கத்து ஆள். பேச்சுவாக்கில் ஒட்டுவேலை பற்றிக் கேட்டேன்.

"ஒட்டுன இரும்பச் சாம்பல்ல பொதைச்சு பைய ஆற விடணும். சூட்டுல தண்ணி பட்டா உள்ள விரிசல் விட்டுரும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"சத்தம் வருமா?"

"நல்ல காது உள்ளவனுக்குக் கேக்கும்."

டீயை முழுக்கக் குடிக்கவில்லை. நேரே தென்காசி.

முற்றத்தில் வண்டிக்குப் பச்சை பெயின்ட். என் செய்தித் துண்டைப் பேச்சியம்மாள் சோற்றுப் பசையால் கதவில் ஒட்டியிருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. எந்த வரியில் செ. பேர் இருக்கிறது என்று என்னிடம் கேட்டு விரல் வைத்துப் பார்த்தாள்.

"அச்சை ஒரு தடவை சோதிச்சா என்ன?" என்றேன்.

செ. சம்மட்டியால் தட்டினார். கணீர். "கோயில் மணில்லா அண்ணாச்சி! வேற என்ன வேணும்?" பிறகு, "ஆக்ஸிஜன் தீந்துட்டு. இனி வர ஒரு மாசம். சீசனே போயிரும்."

தண்ணீர் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவள் விரல் இன்னும் அந்த வரியில்தான் இருந்தது.

ஜூலை 13, புதன்.

சாரல் இல்லை. வெயில்.

ஒன்பது மணி. தெரு நிறைய ஆள். சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில்.

"ஏ ஆசாரி, பிரேக்கு இருக்கா? இல்ல நான் எறங்கி ஓடிப் புடிக்கணுமா?" - மைதீன்.

"பைய போங்க தம்பி" - பேச்சியம்மாள்.

"பைய போனா மாட்டுவண்டி சிரிக்கும் அக்கா."

செ. முன்னால் ஏறினார். மைதீன் பின் இருக்கையைத் தட்டினான். "ஏறுங்க அண்ணாச்சி. எழுதுனவுக ஏற வேண்டாமா?"

முதுகுவலி என்றேன். குதிரைவண்டியில் பின்னால் போனேன்.

மேலகரம் தாண்டி வாய்க்கால் பாலம். சின்ன ஏற்றம்தான். வண்டி வேகமே இல்லை. ஏறி இறங்கும்போது முன்பக்கம் இரண்டு கையும் விட்டதுபோல் மடங்கியது. இடது பக்கம் சரிந்து வாய்க்காலுக்குள். செ. வயலில் விழுந்தார், சிராய்ப்பு. மைதீனின் வலது கால் அடியில் சிக்கியது. வண்டியைத் தூக்கப் பதினோரு பேர். எண்ணினேன். எண்ணுவதை நிறுத்தத் தெரியவில்லை.

ஜூலை 14, வியாழன்.

ஒடிந்த அச்சைப் பார்த்தேன். முறிவில் பாதி வெள்ளி மாதிரிப் பளபளப்பு, அது நேற்று முறிந்தது. மீதிப் பாதி கறுப்பு, துரு. அது நாலாம் தேதி மூன்று பத்துக்கு முறிந்தது. செ.யும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நல்லாத்தான ஒட்டுனேன்" என்றார், இரும்பிடம்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதியிருப்பது: 'ஓட்டுநர் அஜாக்கிரதை.' மைதீன் லைசென்ஸ் போகும்.

பத்திரிகையிலிருந்து தந்தி: விபத்து பற்றிப் பத்து வரி. அனுப்பவில்லை.

ஜூலை 17, ஞாயிறு.

ஆஸ்பத்திரி. ஆரஞ்சு நாலு. மைதீன் காலில் கட்டை வைத்துக் கட்டியிருக்கிறது. கால் கூடிவிடும் என்கிறார் டாக்டர்.

"கை தப்பிட்டு அண்ணாச்சி. இருவது வருசத்துல இல்லாம. எப்படீன்னே தெரியல. ராவும் பகலும் அந்தப் பாலத்தையே ஓட்டிக்கிட்டு கெடக்கேன்."

சொன்னேன். குடம், சத்தம், சாரல் என்றது, மெக்கானிக், எல்லாம்.



"தெரிஞ்சுதான் ஏற மாட்டேன்னியளா?"

ஆரஞ்சை அவன் தொடவில்லை. நான் எடுத்துக்கொண்டு வரவும் முடியவில்லை.

ஜூலை 18, திங்கள்.

சப்-இன்ஸ்பெக்டரிடம் எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம். என் முப்பது வருட நிருபர் வேலையில் இதைவிடச் சுருக்கமாக எழுதியதில்லை. வாசித்துவிட்டு, "அந்தப் பொம்பளைக்கித் தெரியுமா?" என்றார். இனித் தெரியும் என்றேன். மைதீன் பேரில் குற்றம் இல்லை என்று மாற்றி எழுதுவதாகச் சொன்னார்.

அங்கிருந்து செ. வீடு. இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். செ. கதவில் ஒட்டியிருந்த செய்தித் துண்டைக் கிழித்தார். பேச்சியம்மாள், "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றாள். கோபமாகக்கூட இல்லை.

ஜூலை 21, வியாழன்.

மறுபடி சாரல். அருவியில் தண்ணீர் நிறைய. தந்தி.

வரும் வழியில் செ. முற்றம். சுரண்டை ஊரிலிருந்து வந்த மாட்டுவண்டி ஒன்றுக்குப் பட்டை போட்டுக்கொண்டிருந்தார். சிவந்த பட்டை சக்கரத்தில் இறங்கிவிட்டது. மரம் புகைந்தது.

"ஏட்டி, ஊத்து!"

பேச்சியம்மாள் குடத்தோடு சுவரோரம் நின்றாள்.

"ஊத்துட்டி! கரியுதுல்லா!"

தெருவில் நின்ற என்னைப் பார்த்தாள். குடம் இடுப்பிலேயே இருந்தது. சக்கரம் தீப்பிடித்தது.