குலாத் மருந்து ஊற்றிய நெல்

அன்பு மகள் நளினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மலையில் மழையும் குளிருமாக இருந்தாலும் மாரியம்மன் புண்ணியத்தில் நாங்கள் நன்றாக இருக்கிறோம். கெடா மாநில வெயிலில் நெல் ஆராய்ச்சி என்று வயல் வயலாக அலைகிற நீயும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் கடிதம்.

தீபாவளிக்கு வந்தபோது நம் தோட்டத்து ஆற்றோர மண்ணில் நச்சு உலோகம் இருக்கிறது என்று நீ சொன்னதும், "அப்ப இத்தன வருசமா கீரையின்னு ஊருக்கு வெசத்தையா வித்தேன்?" என்று உன் அப்பா எழுந்து போனாரே, அதன்பிறகு உன்னோடு பேசாவிட்டாலும், அந்த மண்ணில் நீ சோதனைக்காக நெல் நட்டுவிட்டுப் போன வாளிகளைப் பார்க்காத நாளில்லை. வேர்ப் பூஞ்சை கலந்த வாளிகளில் நெல் பச்சையாக நின்றது, கலக்காததில் வெளுத்துக் கிடந்தது. "இந்த வாளியில என்னாதான் போட்டா ஒம்மவ?" என்று கேட்டார். பூஞ்சையை நம் பக்கம் சொல்கிறபடி குலாத் என்றேன். அது நல்ல பூஞ்சை, வேரோடு ஒட்டி வாழ்ந்து நஞ்சை நெல்லுக்குள் அதிகம் ஏறவிடாது என்று சொல்வதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, ஓடிவிட்டேன். முட்டைக்கோசில் ஒரு புள்ளி குலாத் கண்டாலே தூக்கம் வராத மனுசன் சும்மா இருப்பாரா? மகள் நெல்லைக் காப்பாற்றுகிறேன் என்று மருந்தடிக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு போய் அத்தனை வாளியிலும் குலாத்தைக் கொல்லும் மருந்தை வேர் நனைய ஊற்றிவிட்டார்! அது நெல்லைக் காக்கிற நல்ல குலாத் என்று சொல்லி வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொஞ்ச நாளில் பச்சையாக நின்றதும் வெளுத்துப்போனது. வாளிப் பக்கத்தில் குந்தியபடி வெகுநேரம் பார்த்தவர், "அந்தக் குலாத் செத்ததும் நெல்லும் படுத்துருச்சு. அப்ப மண்ணப் பத்திப் புள்ள சொன்னது நெசந்தான் லா" என்றார்.

உன் உழைப்பு வீணாகிவிட்டது, கோபப்படு, ஆனால் அவரிடம் கத்தாதே அம்மா. நீ வைத்துவிட்டுப் போன மிச்சப் பூஞ்சையைக் கலந்து புது மண்ணில் மறுபடி நட்டிருக்கிறார். ஆற்றோரப் பாத்தியில் இனிக் கீரை வேண்டாம், பூப் போடலாம் என்கிறார். நேற்று பக்கத்துத் தோட்டத்துக் குணாளன் மருந்தடிக்கக் காற்று நம் பக்கம் வீசியது. அப்பா ஓடிப்போய்க் குளிர்ச்சட்டையைக் கழற்றி வாளிகள்மேல் போர்த்திவிட்டு, "இங்க அடிக்காதடா, எம்மவ குலாத் வளக்குறா!" என்று கத்தினார். நடுங்கிக்கொண்டே நின்றார், நான் சிரித்தேன், அழுகையும் வந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி போடு. முருகன் உனக்குத் துணையிருப்பான். வீம்பு பிடித்தவர், அவராகக் கூப்பிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு. நெல் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், போதும்.

இப்படிக்கு
உன் அம்மா நீலாவதி
லெம்பா பெர்த்தாம்