ஏழாவது தாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா?

எந்த ஊரில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் வந்தது என்று ஆண்டுவாரியாகப் பதிவதுதானே இங்கே சென்னையில் என் வேலை? திங்கட்கிழமை நம் ஊர்த் தாள்கள் வந்தன. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒருவர், இருவர். அப்பாவுக்கு நோய் கண்ட வருடம் ஏழு பேர். ஏழாவது தாள் அப்பாவுடையது.

"எந்திரிம்மா, நான் போட்டுக்கிறேன்" என்றார் எங்கள் பிரிவு மேடம். நானே பதிந்தேன்.

"ஏன் மேடம் இத்தன பேரு?"

"சின்ன ஊரு. ஒரு வருசத்த வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

நீயும் ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம். கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்பு, தனியாகச் சமைக்கப் பிடிக்கவில்லை.

அப்பாவின் தொழிலை யாரோ 'கூலி' என்று எழுதியிருந்தார்கள். மேடத்திடம் கேட்டு 'விவசாயி' என்று திருத்தினேன்.

ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன். பஸ் வந்துவிட்டது.

உன் மகள்,
செல்வமதி