ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலம்

ஜனவரி 12, வியாழன்
காற்று பலமாக இருந்ததால் மலைமேல் ஆளேற்றும் மேல் லிஃப்டை மதியம் வரை ஓட்டவில்லை. பனிச்சறுக்கு விளையாட வந்தவர்கள் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து, ஆங்கிலம் கற்றுக்கொள்ள டிவி தொடரில் இரண்டு பாகம் பார்த்தேன். அமெரிக்கப் பள்ளிக்கூடம், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். கீழே ரஷ்ய எழுத்து ஓடினால் கண் அங்கேதான் போகிறது. டிவியின் அடிப்பக்கத்தை ஒரு துண்டால் மூடி டேப் ஒட்டிவிட்டேன்.

இன்றைய வார்த்தை லாக்கர். புத்தகம் வைத்துப் பூட்டும் இரும்புப் பெட்டி. கோபம் வந்தால் குத்துவதும் அதைத்தான்.

ஜனவரி 15, ஞாயிறு
காலையில் மகன் எல்தியார் கூப்பிட்டான். சிகாகோவில் அவனுக்கு அப்போது சனிக்கிழமை சாயங்காலம். விவாகரத்துக்குப் பிறகு அவன் அம்மா ஜிபெக் அவனைக் கூட்டிக்கொண்டு போனபோது அவனுக்கு ஐந்து வயது. இப்போது பதினொன்று. படிப்பில் பின்தங்கிவிடக் கூடாதென்று அவள் வீட்டிலும் ஆங்கிலமே பேசினாள். எங்கள் கிர்கிஸ் மொழி அவன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது.

போன வருடம் வரை எங்கள் பேச்சு இவ்வளவுதான்: சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அப்புறம் திரையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

இன்று ஆங்கிலத்தில் கேட்டேன், "ஸ்கூல் டான்ஸுக்கு எந்தப் பொண்ணக் கூட்டிட்டுப் போற?"

"அப்பா, அது பெரிய பசங்களுக்கு. நான் ஆறாங்கிளாஸ்."

சிரித்தான். என்னைப் பார்த்துத்தான். பரவாயில்லை.

ஜனவரி 20, வெள்ளி
லிஃப்டில் என்னோடு வேலை செய்யும் மெலிஸ் அண்ணன் துளைபோடும் மெஷின் கேட்டு வந்தார். டிவியைப் பார்த்தார். துண்டையும் பார்த்தார்.

"ஏம்ப்பா, நாப்பத்தி மூணு வயசுல பள்ளிக்கூடப் பொண்ணுங்க அழுறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. வெளியில சொல்லிடாத, ஒருத்தனும் உனக்குப் பொண்ணு தரமாட்டான்."

"இப்ப மட்டும் யாருண்ணே தரப்போறா?"

"அதுக்கு இது காரணமா இருக்க வேணாம்னு சொல்றேன்."

உட்கார்ந்து ஒரு பாகம் முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் போனார். மெஷினை மறந்துவிட்டார்.

பிப்ரவரி 5, ஞாயிறு
பையன் தான் 'கிரவுண்டட்' என்றான். எனக்குத் தெரிந்த வார்த்தை. லிஃப்ட் மோட்டாரின் கையேட்டில் இருக்கிறது, எர்த் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். "நல்லதுதான், ஷாக் அடிக்காது" என்றேன். ஒன்றும் புரியாமல் பார்த்தான்.

பிப்ரவரி 8, புதன்
தொடரில் ஒரு பையன் அப்பாவின் காரை மரத்தில் மோதினான். அவனையும் 'கிரவுண்டட்' என்றார்கள். தண்டனையாக வெளியே விடமாட்டார்களாம். அப்படியானால் என் பையன் என்ன செய்தான்? நான் கேட்கவே இல்லையே.

பிப்ரவரி 14, செவ்வாய்
'ஃபைன்' என்றால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தமில்லை. இந்தத் தொடரில் யார் 'ஃபைன்' சொன்னாலும் கொஞ்ச நேரத்தில் அழுகிறார்கள்.

எல்தியார் எல்லாவற்றுக்கும் 'ஃபைன்' என்கிறான்.

பிப்ரவரி 26, ஞாயிறு
மத்தியானம் யாரோடு சாப்பிடுவாய் என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"ஸ்டால்ல" என்றான். தோளைக் குலுக்கிவிட்டு நாய் வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

போன மாதமாக இருந்தால் விட்டிருப்பேன். ஸ்டால் என்றால் எனக்குக் கடை. பஜாரில் வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கடையில் ஏதோ வாங்கித் தின்கிறான் என்று நினைத்திருப்பேன். ஆனால் தொடரில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மதியச் சாப்பாட்டைக் கழிப்பறைத் தடுப்புக்குள் உட்கார்ந்து தின்றாள். கால் வெளியே தெரியாமல் தூக்கி வைத்துக்கொண்டு. அந்தத் தடுப்புக்கும் ஸ்டால் என்றுதான் பேர்.

"எந்த ஸ்டால், எல்தியார்? கழிப்பறையிலயா?"

நாய்ப் பேச்சு நின்றது. எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் சொல்லியிருக்கிறான். "அங்க யாரும் என் சாப்பாட்டத் தட்டிவிட மாட்டாங்க" என்றான். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத."

சரி என்று சொன்னேனா? தலையசைத்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 1, புதன்
மெலிஸ் அண்ணனிடம் சொன்னேன். அஷ்லான்ஃபு நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"சொல்லாதன்னா சொல்லாத. மீறிட்டன்னா இனிமே உங்கிட்ட வாயத் திறப்பானா? ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு விஷயம் சொல்லியிருக்கான்."

அவர் சொல்வதும் சரி. நான் இங்கிருந்து என்ன செய்துவிட முடியும்? தினமும் மத்தியானம் அவன் அங்கே போய் உட்காருகிறான் — கதவைச் சாத்திக்கொண்டு — நான் இங்கே அது தெரிந்துகொண்டு —

மார்ச் 4, சனி
ஜிபெக்கைக் கூப்பிட்டேன். நாங்கள் நேராகப் பேசி ரொம்ப நாளாகிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"இங்கிலீஷ்லயா சொன்னான்? அப்ப நீ தப்பாப் புரிஞ்சிருப்ப, சுயுன்பெக். சாப்பாட்டு டப்பா தினமும் காலியாத்தான் வருது."

"காலியாத்தான் வரும். அங்க உக்காந்துதான் தின்னுறான்."

அவள் பின்னால் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"உனக்கு எப்படி அந்த வார்த்தை தெரியும்?"

"டிவி பாத்து."

"நான் இங்க கூடவே இருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மார்ச் 5, ஞாயிறு
அவன் கூப்பிடவில்லை.

மார்ச் 12, ஞாயிறு
இன்றும் இல்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மார்ச் 21, செவ்வாய்
நூரூஸ், எங்கள் புத்தாண்டு. மெலிஸ் அண்ணன் வீட்டில் சாப்பாடு. "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. ரொட்டியை மட்டும் என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஜிபெக் செய்தி அனுப்பியிருந்தாள். வேலையிலிருந்து பாதியிலேயே கிளம்பிப் பள்ளிக்குப் போனாளாம். சாப்பாட்டைத் தட்டிவிட்ட பசங்களின் வீட்டாரைப் பள்ளியில் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். இப்போது எல்தியார் ஓவிய ஆசிரியை அறையில் சாப்பிடுகிறான். இன்னொரு பையனும் அங்கே வருகிறானாம். கடைசியில், "உன்மேல ரொம்பக் கோபமா இருக்கான். நான் கட்டாயப்படுத்தல."

கட்டாயப்படுத்த வேண்டாம் என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 9, ஞாயிறு
பனி போய்விட்டது. லிஃப்டை நிறுத்தியாகிவிட்டது. காலையில் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

வணக்கமில்லை, ஒன்றுமில்லை. எடுத்ததுமே ஆரம்பித்தான். "நீ சொல்லிட்ட. சொல்லாதன்னேன், சொல்லிட்ட. அம்மா வேலைக்குப் போற உடுப்போட ஸ்கூலுக்கு வந்தாங்க, எல்லாரும் பாத்தாங்க. ஒரு வாரம் என்னய 'அம்மா கோண்டு'ன்னு கூப்பிட்டாங்க. உனக்கு இங்க என்ன நடக்குதுன்னு தெரியுமா? நீ இங்க இல்லவே இல்ல. இல்லாதவங்க எதுக்கு இதுல தலையிடணும்?"

இன்னும் நிறையச் சொன்னான். எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை.

மூச்சு வாங்க நிறுத்தியபோது, "ஆமா, சொன்னேன்" என்றேன்.

"மறுபடியும் இப்படி ஏதாவது நடந்தா? அப்பவும் சொல்வியா?"

"சொல்வேன்."

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சினான். பிறகு அந்த இன்னொரு பையனுக்குக் குதிரை வரைய வரவில்லை, கால்களைத் தப்பாகப் போடுகிறான் என்று சொன்னான். அதையும் கோபமாகத்தான் சொன்னான்.

அவ்வளவு வேகமாக இதுவரை அவன் என்னிடம் பேசியதில்லை. ஒரு வார்த்தைகூட எனக்குத் தவறவில்லை.

வைக்கும்போது, "அடுத்த வாரம்" என்றான். கேட்கிறானா, சொல்கிறானா, தெரியவில்லை.

"இருப்பேன்" என்றேன்.