வாய்வு என்று சொன்ன வலி

பக்கத்து வீட்டில் ஓமம் வறுக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே சுவர் என்பது பெயருக்குத்தான். வாசனை அதைக் கண்டுகொள்வதே இல்லை. அந்த வீட்டு மருமகள் செல்விக்கும் உன்னைப் போலவே கர்ப்பப்பையில் கட்டி எடுத்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து வயிற்றுவலியாம்.

உனக்குக் கட்டி எடுத்த மறுநாள், பதுளை ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ் உன்னை, புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலை விட்டு இறங்கி நடக்கச் சொன்னார். "ஆபரேஷன் செஞ்ச எடத்துல கொடல் போய் ஒட்டிக்கலாம்மா. ஒட்டக்கூடாதுன்னுதான் டாக்டர் பாத்துப் பாத்துச் செஞ்சு, நடுவுல மெல்லிசா ஒரு சவ்வும் வச்சிருக்காரு. ஆனா முழுசா தடுக்க முடியாது. வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்தும் பிரியலேன்னா ஒடனே வந்துரணும்."

காற்று என்றதும் நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். தையல் இழுக்கிறது என்று என்னைத் திட்டினாய். நானா சிரிக்கச் சொன்னேன்?

அவ்வளவு பார்த்துச் செய்தும் உள்ளே ஒட்டத்தான் செய்தது. சில மாதம் கழித்து வலி வந்தபோது நர்ஸ் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "வாய்வுக்கெல்லாம் பெரியாஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்று கேட்டு, ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாய். மறுநாள் மலையில் சுருண்டு விழுந்தாய். பதுளைக்குக் கொண்டுபோனபோது, ஒட்டிய இடத்தில் குடல் முறுக்கிக் கறுத்துவிட்டது என்றார்கள். இரண்டாம் ஆபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறக்கவே இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். யாரிடம் காட்டுவது?

சற்று முன் போய்ச் செல்வி வீட்டுக் கதவைத் தட்டினேன். "வாந்தி எடுக்குதா? காத்து பிரியுதா?" என்று அவள் மாமியாரிடம் கேட்டேன்.

"வீட்டுப் பொம்பளயப் பத்தி ஆம்பள கேக்குற கேள்வியாண்ணே இது? வாய்வுதான். நீங்க போங்க."

உள்ளே செல்வி ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்திவிட்டார்கள். கொழும்பில் வேலை செய்யும் அவள் புருஷன் போனை எடுக்கவில்லை.

நீ போன பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நர்ஸ் சொன்ன நாலு வார்த்தைதான். அதைக் கேட்க இந்த லயத்தில் ஆளில்லை. ஸ்பிரிங்வெளி டவுனுக்குப் போய் ஆட்டோ ஒன்றைக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தியிருக்கிறேன்.

"யாருண்ணே ஏறப் போறது?" என்று டிரைவர் கேட்கிறார்.

வருவாங்க என்று சொல்லிவிட்டு, சாத்திய கதவைப் பார்த்தபடி நிற்கிறேன்.