ஆம்ப் மேல் ஈரச் சாக்கு

வியாழன், இரவு.

கிடார் சத்தத்தைப் பெருக்க ஆர்டர் போட்ட ஆம்ப் இன்று சாயங்காலம் வந்தது. பழைய ரேடியோ மாதிரி டியூப் வைத்த ஆம்ப்களில் இதுதான் விலை குறைந்தது, ஐந்து வாட். பழைய ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்து ஸ்விட்சைப் போட்டேன். பின்பக்கம் கம்பி வலைக்குள் கண்ணாடி டியூப்கள் மெல்லச் சிவந்தன. சூடேறியதும் கிடார் தந்திகளைச் சேர்த்து மீட்டி ஒரே ஒரு கார்டு வாசித்தேன். இத்தனை வருடம் என் காதுக்குள் மட்டும் இருந்த சத்தம் வீட்டில் கேட்டது.

அப்போது என் மனைவி செல்வி பட்டாசு கம்பெனி வேலையிலிருந்து வந்தாள். இருட்டு மூலையில் சிவப்பாகக் கனல்வதைப் பார்த்ததும் என் சட்டையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். தண்ணீர்ப் பானையைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கை உருவி ஆம்ப் மேல் போட்டாள். உள்ளே டியூப் கண்ணாடி விரிசல் விட்டது. நான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

"அது அப்படித்தான் செவக்கும்டி."

"சொல்லியிருக்கக் கூடாதா நீக? அக்கா ரூம்லயும் மொதல்ல மூலையிலதான் செவப்பா கனிஞ்சுச்சாம்."

அவள் அக்கா, எம். புதுப்பட்டி பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய், அங்கே மருந்து அறை வெடித்த அன்று திரும்பி வராதவள். கத்த நினைத்திருந்தேன். அலுமினியப் பொடி படிந்த அவள் விரல்கள் இன்னும் சாக்கின் ஓரத்தைப் பிடித்திருந்தன. வேறு டியூப் மாட்டினால் சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னேன்.

"அதுவும் செவக்குமா?"

"செவக்கும்."

  இப்போது அவள் தூங்குகிறாள். படுக்குமுன் அந்தச் சாக்கை மறுபடி நனைத்து, ஆம்ப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறாள். எடுத்துப் பானையில் சுற்றலாம் என்று எழுந்தேன். அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.